கழுதை முடிச்சு

மழை பிடித்துக்கொண்டால் மெத்தைக் கடைக்குச் சனி பிடித்த மாதிரிதான். பஞ்சு காயாது. காயாத பஞ்சை மெஷினில் போட்டால் பூவாக விரியாமல் பல்லில் சுற்றிக்கொண்டு உயிரை வாங்கும். அதற்காகக் கடையைச் சாத்திவிட்டு இழுத்துப் போர்த்திப் படுக்க முடியுமா? ஊரெல்லாம் ஒழுகுகிற வீடுகள். நனைந்த மெத்தையைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு வந்து, “சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுங்க, வீட்ல குழந்தை இருக்கு” என்று வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். குழந்தை இல்லாத வீட்டிலிருந்து ஒரு மெத்தைகூட வந்ததாகப் பெரியவளுக்கு நினைவில்லை.

பெரியவள் மெத்தைக்காரரின் மூத்த பெண். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்தவள், அன்றிலிருந்து அப்பாவோடு கடையில்தான் கிடக்கிறாள். கடை என்றால் வீட்டின் முன் அறை. பின்னால் தகரக் கொட்டகையில் பஞ்சு அடிக்கும் மெஷின். இரண்டுக்கும் நடுவில் ஒரு சமையலறையும் ஒரு படுக்கை அறையும். இந்த வீட்டில் எதைச் சமைத்தாலும் அதில் ஓர் இழை பஞ்சு இருக்கும். “எங்க வீட்டுச் சாப்பாடு வயித்துக்கு மெத்துனு இருக்கும்” என்று விருந்தாளிகளிடம் சொல்லி அம்மாவிடம் திட்டு வாங்குவான் அவள் தம்பி சின்னவன்.

படையில் இருந்த சின்னவன் போன கோடையில் சண்டையில் செத்துப்போனான். போனில்தான் தகவல் வந்தது. ரோட்டில் ஒரு வண்டி போனது, அது திரும்பி வரவில்லை என்றார்கள். பிறகு ஒரு பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்றார்கள். அம்மா அந்தப் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்பா தள்ளி நின்றார்.

அன்றோடு அப்பா முடிச்சுப் போடுவதை விட்டுவிட்டார். பஞ்சு அடிப்பார், உறையில் திணிப்பார், ஓரம் தைப்பார். நடுவே குத்தி முடிச்சுப் போடுகிற கட்டம் வந்ததும் ஊசியைப் பெரியவளிடம் நீட்டிவிடுவார். “விரல் வலிக்குது, நீ போடு.” விரலில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

மெத்தை வேலையில் எல்லாமே அந்த முடிச்சில்தான் இருக்கிறது. நீள ஊசியில் நூலேற்றி இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுத்து, ஒரு சின்னத் துணித் துண்டில் கோத்துத் திரும்ப அனுப்பி, நூலின் இரண்டு முனைகளையும் இறுக்கி முடிய வேண்டும். அது நின்றால்தான் உள்ளே பஞ்சு நகராது. முதல் சுற்றில் வலது நூல் மேலே வரவேண்டும், இரண்டாவதில் இடது நூல் மேலே. அவ்வளவுதான் சூட்சுமம். சின்னவனுக்கு இடது கைப் பழக்கம். இரண்டு தடவையும் இடது நூலையே மேலே போடுவான். பார்வைக்கு எல்லா முடிச்சையும் போலத்தான் இருக்கும். ஆனால் நூல் முனைகள் மெத்தையோடு படியாமல் இரண்டு காதுகளாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். படுத்தவன் நாலு தடவை புரண்டால் அவிழ்ந்துவிடும். அப்பா அதற்கு ‘கழுதை முடிச்சு’ என்று பெயர் வைத்திருந்தார். எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்தார். திட்டினார். கையைப் பிடித்துத் திருப்பினார். அவர் முடிச்சுப் போட்டதும் விரல் முட்டியால் அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டுவார். அதை மட்டும் சின்னவன் பிரமாதமாகப் பிடித்துக்கொண்டான். முடிச்சுதான் வரவில்லை.

ஒரு நாள் விடுதிக்காரர் ஒருவர் முடிச்சவிழ்ந்த மெத்தைகளை ஒரு வண்டி நிறையத் திருப்பிக் கொண்டுவந்து, தெருவே வேடிக்கை பார்க்க வாசலில் கொட்டினார். அன்று அப்பா சொன்னார்: “உன் கையால கட்டினது எதுவும் நிக்காதுடா. எதுவும்.” மறு வாரம் சின்னவன் படையில் சேர்ந்துவிட்டான். அங்கிருந்து போன் பண்ணுவான், அம்மாவோடு பேசுவான், அக்காவோடு பேசுவான். “அப்பா இருக்காரா?” என்று மட்டும் கேட்டதில்லை. அப்பாவும் போனை வாங்கியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருப்பார். கோத்த ஊசியிலேயே திரும்பக் கோப்பார்.

இப்போது அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. போனவன் தன்னைச் சபித்துக்கொண்டே போனானா, இல்லையா? அதைச் சொல்ல உலகத்தில் ஒருவன்தான் இருந்தான்.

அவன் அன்று காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான். சின்னவன் போனில் வாய்க்கு வாய் “நெட்டையன், நெட்டையன்” என்பானே, அந்தக் கூட்டாளி. நிலைப்படியில் தலை இடிக்காமல் உள்ளே வரத் தெரியவில்லை. இடித்துக்கொண்டு, “பரவால்லம்மா, பழக்கம்தான்” என்றான். ஒரு கால் கொஞ்சம் இழுத்தது. அம்மா ரொட்டி சுட்டு முட்டையைப் பொரித்து வைத்தாள். அவன் பசியோடு சாப்பிடுவதை ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“எப்படிப்பா போனான்?”

நெட்டையன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான். நன்றாகத்தான் சொன்னான். இருட்டு, குண்டுச் சத்தம், மண் மேலே கொட்டுவது, நாக்கு ஒட்டிக்கொள்கிற தாகம், எல்லாம். நெட்டையனுக்குக் காலில் அடிபட்டு ரத்தம் நிற்காமல் போனதாம். சின்னவன் ஊர்ந்து வந்து, தன் சட்டையைக் கிழித்து இறுக்கிக் கட்டினானாம்.

“கட்டிட்டுச் சொன்னாம்மா, ‘இது எங்க அப்பா போடற முடிச்சு, யானை கட்டி இழுத்தாலும் அவிழாது’ன்னு. அப்புறம் எனக்குத் தண்ணி எடுக்கப் போனான். திரும்பி வர்றப்ப சுட்டுட்டாங்க. வலியே இல்ல. ‘அம்மா’ன்னான் ஒரு தடவை. அவ்ளோதான்.”

அம்மா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏழெட்டு மாதமாக வராமல் அடைத்துக்கொண்டிருந்த அழுகை. வரட்டும் என்று பெரியவள் விட்டுவிட்டாள்.

அப்பா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தக் கட்டு நின்னுதா?” என்று கேட்டார்.

“கல்லு மாதிரி நின்னுது ஐயா. இல்லன்னா நான் இன்னிக்கு இங்க உட்கார்ந்திருப்பேனா?”

“பொய்.”

நெட்டையன் விழித்தான்.

“எம்மவன் போட்ட முடிச்சு ஒரு நாளும் நின்னதில்ல. நீ சொல்றது அத்தனையும் பொய்.”

“ஐயா, அவசரத்துல அவன்...”

“நல்லபடியா செத்திருந்தா உள்ளதைச் சொல்லியிருப்ப. உள்ளது கேக்கற மாதிரி இல்ல, அதான் கதை கட்டிட்டு வந்திருக்க. என்னைத் திட்டிக்கிட்டேதான் போயிருப்பான். அதை மறைக்கத்தான் ‘அப்பா முடிச்சு’ன்னு என் தலையில ஐஸ் வைக்கிற. சாப்டியா? கிளம்பு.”

எழுந்து கொட்டகைக்குப் போய் மெஷினைப் போட்டார். அது பற்களைக் கடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தது. அம்மாவின் அழுகை பாதியில் நின்றுபோயிருந்தது. “அப்போ எதுதான் நெசம்?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டுவிட்டு, சமையலறை மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். வந்த அழுகையையும் பிடுங்கிக்கொண்டாயிற்று. பெரியவளுக்கு அந்த நேரத்தில் இரண்டு ஆண்கள்மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நெட்டையன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. திரும்பிப் போகிற பஸ் சாயங்காலம்தான்.

“எங்க போற? உட்காரு தம்பி.”

“ஐயா போகச் சொன்னாரே அக்கா.”

“அவரு சொல்வாரு. கொட்டற மழையில நொண்டிக்கிட்டுப் போய் ஸ்டாண்டுல நிக்கப் போறியா? இதை ஒரு கை பிடி.”

குழந்தை வீட்டு மெத்தை ஒன்று முடிச்சுப் போடக் காத்திருந்தது. இரண்டு பேர் வேலை அது. மெத்தையைப் பக்கவாட்டில் நிமிர்த்தி நிறுத்தி, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். அப்பா விலகிக்கொண்டதிலிருந்து அவள் ஒருத்தியே படுக்கப் போட்டு மாரடித்துக்கொண்டிருந்தாள். நெட்டையன் அந்தப் பக்கம் உட்கார்ந்தான். உட்கார்ந்தும் அவன் தலைமுடி மெத்தைக்கு மேலே தெரிந்தது.

“அங்கேருந்து ஊசியைக் குத்து. நான் துணி கோத்துத் திருப்பி அனுப்பறேன். நூலை அப்படியே விட்டுடு, முடிச்செல்லாம் அப்புறம் நான் பாத்துக்கறேன்.”

ஊசி வந்தது, போனது. நாலைந்து குத்து ஆனபிறகு அவள் கேட்டாள். முகம் தெரியாமல் இருந்தது கேட்பதற்கு வசதியாக இருந்தது.

“கால்ல என்னப்பா காயம்?”

பாதி குத்திய ஊசி நின்றது, பிறகு வந்தது.

“லாரி பின்கதவு விழுந்துச்சுக்கா. கிழங்கு மூட்டை இறக்கிட்டிருந்தோம். சண்டைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“கட்டுப் போட்டது?”

“நர்ஸு.”

“அவன் போனப்ப நீ?”

“ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன். சாயங்காலம் ஒருத்தன் வந்து, வண்டி போச்சு, வரலன்னான். பக்கத்துப் படுக்கைக்காரன் ரேடியோ கேட்டுக்கிட்டிருந்தான். கொஞ்சம் சத்தத்தைக் குறைன்னு சொன்னேன். அவ்ளோதான்க்கா. அதான் நடந்தது.”

“அதைச் சொல்லித் தொலைக்கிறதுதானே? எதுக்கு இந்த யானை, தண்ணி, அம்மான்னு கத்தினதெல்லாம்? எங்கம்மா இப்ப எதைப் புடிச்சுக்கிட்டு அழுவாங்க?”

அவள் ஊசியைக் கொஞ்சம் வேகமாகவே குத்தினாள். அந்தப் பக்கம் “ஸ்ஸ்” என்று சத்தம் கேட்டது. அவள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

“சொல்லிப் பார்த்தேன்க்கா,” என்றான் விரலைச் சூப்பிக்கொண்டு. “முதல்ல எங்க வீட்ல உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன். கூட்டாளி போன வண்டி திரும்பி வரலன்னு. எங்கம்மா ‘ஐயோ பாவம்’னுட்டு அடுப்புல பாலைப் பார்க்கப் போயிட்டாங்க. அவங்க மேல தப்பில்ல. நான் சொன்னதுல அவ்ளோதான் இருந்துச்சு. ஆனா எனக்கு அப்படியா இருந்துச்சு? எனக்கு எப்படி இருந்துச்சுன்னு அதுல எங்க இருக்கு?”

அவள் ஊசியை வாங்கித் துணியைக் கோத்தாள்.

“அப்புறம் ஒரு தடவை பஸ்ல பக்கத்துல இருந்தவரு கால் என்னாச்சுன்னு கேட்டாரு. என்னமோ வாயில வந்துடுச்சு, தண்ணி எடுக்கப் போனான், சுட்டுட்டாங்கன்னு. தண்ணி எடுக்கப் போனது வேற ஒருத்தன். எனக்கு அவன் பேருகூடச் சரியாத் தெரியாது. அந்தப் பெரியவரு என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. அவரு அழுததும்தான் எனக்கு அழுகை வந்துச்சு. அதுவரைக்கும் வரலக்கா. கல்லு மாதிரி இருந்தேன்.”

“அதுக்காக எங்ககிட்டயுமா?”

“‘வண்டி போச்சு, வரல’ங்கறது உங்களுக்கே தெரியும். அதைச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்தேன்? அந்த இருட்டு நெசம்க்கா, தாகம் நெசம். மண்ணு மேல கொட்டினது நெசம், எல்லாம் வேற வேற நாளு, வேற வேற ஆளு. எல்லாத்தையும் அவன் மேல போட்டேன். அவன் மேல போட்டாத்தான் எனக்குச் சொல்ல வருது.”

அவன் குரலில் அழுகை இல்லை, களைப்புதான் இருந்தது. அதே கதையை எத்தனை பஸ்ஸில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பானோ. பெரியவளுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளும் களைத்துத்தான் இருந்தாள். இரண்டு பேரும் ஊசியை அனுப்பிக்கொண்டும் வாங்கிக்கொண்டும் இருந்தார்கள்.

அப்போதுதான் அவள் உள்ளங்கையில் அது பட்டது. மெத்தையை அணைத்துப் பிடித்திருந்த இடது கையில், பஞ்சுக்குள்ளிருந்து இரண்டு மெல்லிய தட்டு. அடுத்த குத்துக்குப் பிறகு மறுபடியும் இரண்டு தட்டு.

அவள் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அங்கேதான் இருந்தார்.

“தம்பி, என்ன பண்ற?”

“முடிச்சுப் போடறேன்க்கா. நூலை அப்படியே விட மனசு வரல. கை பழகிடுச்சு.”

அவள் எழுந்து அந்தப் பக்கம் போனாள். மெத்தையை மெல்லத் தரையில் சாய்த்தாள். வரிசையாக முடிச்சுகள், ஒவ்வொன்றும் இரண்டு காதுகளைத் தூக்கிக்கொண்டு நின்றது. நெட்டையனுக்கு வலது கைப் பழக்கம், ஆனால் அத்தனையிலும் இரண்டு தடவையும் இடது நூல்தான் மேலே.

“இதை யாரு சொல்லிக் குடுத்தது?”

“அவன்தான். மண்ணு மூட்டை அடுக்குவோம்ல, அதுக்கு வாயைக் கட்டணும். நாங்க கண்டபடி கட்டுவோம். அவன் வந்துதான், ‘இப்படியாடா கட்டுவாங்க, மெத்தைக்காரன் மவன் நான் சொல்றேன் பாரு’ன்னு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தான். எங்க கூட்டம் முழுக்க இதே முடிச்சுதான். போட்டுட்டு ரெண்டு தட்டுத் தட்டணும், தட்டாம விட்டா அவன் விடமாட்டான். ‘எங்கப்பா தட்டுவாரு, தட்டினாத்தான் நிக்கும்’பான்.”

“நின்னுதா?”

“எங்கக்கா நின்னுது?” முதல் தடவையாக அவன் சிரித்தான். “பாதி மூட்டை அவிழ்ந்து மண்ணு தலையில கொட்டும். மேலதிகாரி கத்துவாரு. அவனைத் திட்டிக்கிட்டே திரும்பக் கட்டுவோம், திரும்ப அதே முடிச்சு. ‘நீங்க சரியாத் தட்டலடா’ம்பான்.”

“அட பாவி, இதை ஏன் காலையிலேயே சொல்லல?”

“இது என்னக்கா கதை?” என்றான் நெட்டையன். “மூட்டை கட்டினதையெல்லாம் போய் யாராவது சொல்வாங்களா?”

மெஷின் நின்றது. ஈரப் பஞ்சு சுற்றிக்கொண்டிருக்கும். அப்பா கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார், நெட்டையன் இன்னும் போகாததைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். ஆனால் தரையில் ஒரு மெத்தை கிடந்தால் அவர் கை சும்மா இருக்காது. குனிந்து நீளவாக்கில் தடவிக்கொண்டு போனார். பாதியில் கை நின்றது. திரும்ப ஒரு முறை தடவினார். பிறகு மெத்தையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“யாரு போட்டது?”

“நான்தான் ஐயா,” என்றான் நெட்டையன் பயந்துபோய். “தப்பா இருந்தா அவுத்துடறேன்.”

“போட்டுக் காட்டு.”

போட்டான். இடது நூல் மேலே, மறுபடியும் இடது நூல் மேலே, இழுத்து இறுக்கினான். விரல் முட்டியால் இரண்டு தட்டு.

பெரியவள்தான் சொன்னாள், மண் மூட்டை, கூட்டம் முழுக்கக் கட்டியது, தலையில் மண் கொட்டியது, ‘எங்கப்பா தட்டுவாரு’ என்றது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே அந்த முடிச்சின் காதுகளை விரலால் படியவைத்துப் பார்த்தார். விட்டதும் அது நிமிர்ந்துகொண்டது.

“கழுதை,” என்றார். “ஊரான் வீட்டுப் பிள்ளைங்களுக்கெல்லாம் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கான் பாரு, கழுதை.” சொல்லிவிட்டு மழை நாளில் முகத்தைத் துடைப்பதுபோலப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளென்று யாரும் கவனிக்கவில்லை. “எனக்கும் காது இருக்கு,” என்றாள். “எல்லாம் கேட்டுச்சு. ஆஸ்பத்திரி, லாரிக் கதவு, எல்லாம்.” நெட்டையன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்பா சுவரோரம் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தார். சாயங்காலம் ஆள் வந்துவிடுவான். குழந்தை இருக்கிறதோ இல்லையோ, யாரோ ஒருவர் இதில் படுத்துப் புரளப் போகிறார். முதல் முடிச்சை வெட்டினார். நூலை உருவிவிட்டுப் பெரியவளைப் பார்த்துக் கையை நீட்டினார். அவள் ஊசியைக் கொடுத்தாள். விரல் வலி என்று அவர் சொல்லவில்லை.

“தம்பி,” என்றார் நூலைக் கோத்தபடி. “காலையில சொன்னியே, அதைத் திரும்பச் சொல்லு. அவ அழுகையைப் பாதியில நிறுத்திட்டா.”

நெட்டையன் அம்மாவைப் பார்த்தான். “எதை ஐயா சொல்ல? மூட்டையையா, தண்ணி எடுக்கப் போனதையா?”

“காலையில சொன்னதையேதான். காலுக்குக் கட்டுப் போட்டதை.”

“அது நடக்கலியே ஐயா.”

“தெரியும்ப்பா,” என்றாள் அம்மா. வந்து மெத்தையின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். “இருந்தாலும் சொல்லு.”

மழைச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படியாக அவன் ஆரம்பித்தான். இருட்டைச் சொன்னான், குண்டுச் சத்தத்தைச் சொன்னான். இந்த முறை நிதானமாகச் சொன்னான், யாரையும் நம்பவைக்கிற அவசரம் இல்லை. அப்பா ஒவ்வொரு முடிச்சாக வெட்டி, ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வந்தார்.

“ஊர்ந்து வந்தான். சட்டையைக் கிழிச்சான். என் காலைச் சுத்தி முடிச்சுப் போட்டான்...”

“இடது கையால,” என்றார் அப்பா.

“ஆமா ஐயா. இடது கையால.”

“தட்டினானா?”

“ரெண்டு தட்டுத் தட்டினான்.”

அம்மாவுக்குக் கண்ணிலிருந்து வழிய ஆரம்பித்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. “கட்டு நின்னுதாப்பா?” என்று கேட்டாள்.

நெட்டையன் அப்பாவைப் பார்த்தான். அவர் நூலைப் பல்லில் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

“நின்னுது,” என்றார்.